முதலாளியின் வண்டியும் அதே மாடல்

"ஹோஸ்னா எல்லாம் ஹோஸ்தான்டா, எடுத்துட்டுப் போ!" என்று கத்தினார் உதிரிபாகக் கடை முதலாளி குப்புராஜ்.

டாக்ஸி டிரைவர் மயில்சாமிக்குத் தலை சுற்றியது. பிள்ளைகுட்டிகளோடு ஒரு குடும்பத்தை வால்பாறை மலைக்கு ஏற்றிப்போக வேண்டிய நேரத்தில் பவர் ஸ்டியரிங்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயான ஹோஸ் வெடித்துவிட்டது. "அழுத்தம் தாங்குற ஹோஸா கேட்டு வாங்கு" என்று மெக்கானிக் சொல்லி அனுப்பியிருந்தார். இதுதானா அது? பழசும் கறுப்பு, புதுசும் கறுப்பு. பழசுக்கு இரும்பு முனை இருக்கிறது, இதற்கு இல்லை.

"முனை இல்லீங்களே மொதலாளி?"

"கிளிப் போட்டு முறுக்குடா. கம்பெனிக்காரனுக்கே பாடம் எடுத்தவன் நான்!"

"சரிங்க. வாசல்ல நிக்கிற உங்க காரும் அதே மாடல்தானுங்க. அதுல இருக்கிற ஹோஸைக் கழட்டி எனக்குக் கொடுங்க. இந்தப் புதுசை நீங்க மாட்டிக்கங்க."

குப்புராஜ் வாசலில் நின்ற தன் காரை ஒரு முறை பார்த்தார். உள்ளே போய், இரும்பு முனை வைத்த ஹோஸ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

எந்த ஹோஸ் எதற்கு என்று மயில்சாமிக்கு இன்னமும் குழப்பம்தான். முதலாளிக்குக் குழப்பமே இருந்ததில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"வெளியே மூச்சு விடாதே" என்றார் அவர். டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மயில்சாமி மலையேறினான்.