உழவாரன் சொன்ன ஆறு நாள்

கடலோரத்து உப்பங்கழி ஒன்றில் நெட்டலகன் என்ற உள்ளான் பறவையும் அதன் மனைவி சிறுகாலியும் குளிர்காலத்தைக் கழித்தன. வெயில் ஏறியதும் வடக்கே, பனிமலைகளுக்கு அப்பால் இருக்கும் பெரிய ஏரிக்குப் போக வேண்டும். அங்கேதான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க முடியும். இரண்டுக்கும் அதுதான் முதல் வடக்குப் பயணம்.

கழிக்கு மேலே ஓர் உழவாரன் வட்டமடித்தது. காற்றைக் கிழித்துப் பறக்கும் பறவை அது.

"உழவாரண்ணே! ஏரிக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று கத்தியது நெட்டலகன்.

"ஆறு நாள்! போன வருடம் எண்ணிக்கொண்டே போனேன்!" என்றது உழவாரன். அது பொய் சொல்லவில்லை.

பக்கத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்த கிளுவை வாத்து தலையைத் தூக்கியது. "உங்கள் இறக்கைக்குப் பன்னிரண்டு நாள் ஆகும், தம்பி! இன்னும் பத்து நாள் நன்றாகத் தின்றுவிட்டுக் கிளம்புங்கள்."

"பன்னிரண்டா? முதலில் போகிறவனுக்குத்தானே கூடு கட்ட நல்ல இடம் கிடைக்கும்!" நெட்டலகனுக்குச் சின்னக் கணக்கே பிடித்திருந்தது. மறுநாள் விடியற்காலையிலேயே இரண்டும் கிளம்பிவிட்டன.

வயல்கள் போயின. ஆறுகள் போயின. ஆறாம் நாள் மாலையில் கண்ணுக்கு எட்டிய வரை மலைகள்தான் நின்றன. ஏரியைக் காணோம்.

கீழே ஒரு பள்ளத்தாக்கில் சின்னக் குட்டை தெரிந்தது.

"என்னங்க, எனக்கு மூச்சு வாங்குகிறது. இங்கே இறங்கிப் புழு பூச்சி தின்போம்!" என்றது சிறுகாலி.

"ஆறு நாள் முடிந்துவிட்டது! அந்த மலையைத் தாண்டினால் ஏரிதான். இப்போது இறங்கினால் இடம் போய்விடும்!"

"உங்கள் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது!"

"நீ தின்றுவிட்டு வா. நான் போய் இடம் பிடிக்கிறேன்!"

சிறுகாலி எவ்வளவோ கெஞ்சியது. நெட்டலகன் திரும்பிப் பார்க்கவில்லை. பனிமூட்டத்துக்குள் ஒரு புள்ளியாகப் போய் மறைந்தது.

சிறுகாலி நான்கு நாள் அந்தக் குட்டையில் இரை தேடித் தின்றது. உடம்பில் தெம்பு வந்ததும் மேகம் மூடிய கணவாயைக் கடந்து பறந்தது. பறந்தது, பறந்தது, ஆறு நாள் பறந்தது. ஏரி வந்தது.

கரையெங்கும் உள்ளான்கள். "நெட்டலகன் வந்தாரா?" என்று ஒவ்வொன்றிடமும் கேட்டது. யாரும் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. சிறுகாலி அவற்றிடமும் ஓடியது.

கூட்டத்தின் தலைவி தயங்கித் தயங்கிச் சொன்னது: "கணவாயில் பனி கொஞ்சம் உருகியிருந்தது. ஓர் உள்ளான் கிடந்தது, அம்மா. இறக்கை விரிந்தபடியே இருந்தது."

"ஏரிக்குப் பக்கத்திலா?"

"இல்லை. அங்கிருந்து உங்கள் இறக்கைக்கு இன்னும் ஐந்து நாள் பறக்க வேண்டும்."

அந்தக் கோடையில் ஏரிக்கரையில் எத்தனையோ கூடுகள் எழுந்தன. சிறுகாலி மட்டும் கூடு கட்டவில்லை.

இன்னொருவரின் வேகத்தை வைத்துத் தன் பயணத்தைக் கணக்கிடுகிறவர் பாதி வழியிலேயே வீழ்வார்.