பொண்ணு வீட்டுக்கு ஓடி வந்த மாப்பிள்ளை வீடு

சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டே, நடுநடுவே கையை முந்தானையில் துடைச்சு இதை எழுதுறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவள். எழுத்து கோணலா இருக்கும். அதுக்குப் படிப்பு மட்டும் காரணம் இல்லை, வீடு ஓடிக்கிட்டிருக்கு.

எங்க வீட்டுக்காரரோட சேர்த்து அண்ணன் தம்பி மூணு பேர். மூத்தவர் தவசி மச்சாண்டார், நடுவுலவர் மொக்கையன் மச்சாண்டார். இவர் பேரை நான் சொல்லக்கூடாது, கடைசி.

மூத்தவர் ஒரு பழைய அம்பாசடரை வாங்கி, கூரையை அறுத்துப் போட்டு, லாரி இன்ஜினை ஏத்தி, முன்பக்கம் தீ எரியுற மாதிரி பெயிண்ட் அடிச்சார். வண்டியை நிறுத்தினதும் நடுவுலவர் ஓடிப்போய் அந்தத் தீ மேல ஒரு வாளித் தண்ணி ஊத்துவார். இன்னைக்கு வரைக்கும் ஊத்துறார்.

அந்தக் கார் இழுக்கிறது ஒரு சக்கர வீடு. எந்தக் காலத்துத் துரையோ எஸ்டேட்டில் விட்டுட்டுப் போனது, காயலான் கடையில் கிடைச்சுது. முட்டை மாதிரி உருண்டை, ரெண்டு சக்கரம், ஒரு கதவு, ஒரு ஜன்னல். மூணு பேரும் அதில்தான் குடியிருந்தாங்க.

என்னைப் பெண் கேட்டப்போ எங்க அப்பா குருவையா கறாரா சொல்லி அனுப்பினார்: "வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னாடி, பத்தரைக்குள்ள மாப்பிள்ளை வீட்டைப் பார்த்தாகணும். இல்லேன்னா மில்லுக்காரர் மகனுக்குப் பேசி முடிச்சிருவேன்."

மூணு பேரும் ராத்திரிச் சோறு ஆறிப்போக யோசிச்சாங்க.

"பாவம், முழங்கால் வலிக்காரர். பஸ்ஸில் இடிபட்டு வரணுமா?" என்றார் மூத்தவர்.

"நம்ம வீட்டுக்குச் சக்கரம் இருக்கு. அவர் காலுக்கு இல்லையே" என்றார் இவர்.

வீட்டையே கொண்டுபோய்க் காட்டுறதுன்னு முடிவாச்சு. நடுவுலவருக்கு மட்டும் ஒரு கவலை. "எல்லாரும் போயிட்டா வீட்டுக்கு யார் காவல்?" நியாயம்தானே? அவரையே காவலுக்கு விட்டுட்டு, மத்த ரெண்டு பேரும் வீட்டை இழுத்துக்கிட்டுக் கிளம்பினாங்க.

காரையும் வீட்டையும் கொக்கி போட்டுப் பூட்டிக் கொடுத்த மெக்கானிக் சொல்லித்தான் அனுப்பினார்: "பின்னாடி ஒரு கண்ணு இருக்கட்டும். ஊர் வந்ததும் கொக்கியைக் கழட்டிருங்க." அதனால இவர் வழி முழுக்கப் பின்னாடி திரும்பியே உட்கார்ந்து வந்தார். எதிரே வந்த பஸ் ஒதுங்கி வழி விட்டது. அதில்தான் அப்பா போய்க்கிட்டிருந்தார், மாப்பிள்ளை வீடு பார்க்க.

அங்கே காலி மனையில் நடுவுலவர் கம்போட நின்னார்.

"வீடு எங்கப்பா?"

"உங்க வீட்டுக்குப் போயிருக்குங்க மாமா."

"அப்ப நீ எதைக் காவல் காக்குறே?"

"வீட்டைத்தான். செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வாங்க."

அப்பா பழக்கதோஷத்துல கழட்டியே விட்டாராம். அப்புறம்தான் தலையில் அடிச்சுக்கிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சார்.

இங்கே எங்க ஊர் போர்டு இறக்கத்தோட உச்சியில் இருக்கு. "ஊர் வந்துருச்சு" என்று இவர் இறங்கிக் கொக்கியைக் கழட்டினார். வீடு யாருக்கும் காத்திருக்கலை. காரை முந்திக்கிட்டு ஓடியது. இவங்க ஹாரன் அடிச்சுக்கிட்டே பின்னாடி வந்தாங்க. ஹாரன் சத்தம் கேட்டு வாசல் கதவைத் திறந்தேன். தெருவைக் காணோம். நிலையை அடைச்சுக்கிட்டு ஒரு ஜன்னல் நிக்குது.

"ஏம்மா, அடி படலையே?" மூத்தவர் குரல்.

"இல்லீங்க. வீட்டைக் கொஞ்சம் தள்ளுங்க."

"அதெப்படி? உங்கப்பா வர்ற நேரத்துல வீடு நகர்ந்துட்டா, நிலையான வீடு இல்லேம்பாரே!"

வேற வழி? தெருவுக்கு வர, ஜன்னல்ல தலையை விட்டு அந்த வீட்டுக்குள்ள இறங்கினேன். அந்தப் பக்கக் கதவைத் திறந்து பார்த்த மூத்தவர் முகம் செத்துப்போச்சு.

"டேய், மருமக தலையை முதல்ல வச்சுட்டாளே! வலது கால்ல வரணும்."

"திரும்பிப் போயிட்டு வரச் சொல்லுங்கண்ணே" என்றார் இவர். என்கிட்ட நேரா பேச அவருக்கு வெட்கம்.

எனக்கும்தான். போனேன். ஸ்டூல் போட்டு, ஜன்னல்ல முதல்ல வலது காலை விட்டேன். அந்த நேரம் பார்த்துப் பத்தே கால் பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். மாப்பிள்ளை வீட்டையும் பார்த்தார், அதுக்குள்ள மக வச்ச வலது காலையும் பார்த்தார். செருப்பு வேற அங்கேயே விட்டாச்சு.

"வச்ச காலை எடுக்கச் சொல்ல நான் யாரு?" என்று கல்லில் உட்கார்ந்துட்டார்.

கல்யாணம் நல்லா நடந்தது. நடுவுலவர் மட்டும் வரலை, வீட்டைக் காவல் காத்தார்.

இன்னைக்கு எங்க பிள்ளைக்கு அப்பா ஊர்ல காது குத்து. வீட்டோட போறோம். மெக்கானிக் இந்தத் தடவையும் அதையேதான் சொன்னார்னு கேள்வி. வண்டி ஏன் நிக்குதுன்னு தெரியலை. வெளியே இவர் குரல் கேக்குது: "இந்தாம்மா, ஊர் போர்டு வந்துருச்சு! கொக்கியைக் கழட்டிட்டேன், வந்து பார்—" ஏங்க, கழட்டாதீங்க, இருங்க, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான்