பூஞ்சாணத்துக்கு வந்த சீக்கு

ஒட்டடைப்பாளையத்தில் ஒரே ஒரு புத்திசாலி இருந்தார், அவரும் வழி தப்பி வந்தவர் என்று பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். நாச்சிமுத்து அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன்.

அரை ஏக்கரில் மஞ்சள் போட்டிருந்தான். ஐந்தாம் மாதம் இலையெல்லாம் ஓரம் காய்ந்தது. தண்டைத் தொட்டால் கையோடு வந்தது. தோண்டிப் பார்த்தால் கிழங்கு கூழாக அழுகி நாறியது. நாலு நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மச்சான் குப்பியண்ணனைக் கூட்டிக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் போனான்.

அங்கிருந்த மேடம் ஒரு கிலோ பொட்டலம் கொடுத்தார்.

"உங்க மண்ணுல கெட்ட பூஞ்சாணம் இருக்குங்க. இது நல்ல பூஞ்சாணம், அதைத் தின்னுடும். உயிருள்ளது, பத்திரம். தொழுவுரத்துல கலந்து, தண்ணி தெளிச்சு, ஈரச்சாக்குப் போட்டு மூடி, பதினஞ்சு நாள் மர நிழல்ல வைங்க. அப்புறம் மஞ்சக் காட்டுக்குப் போடுங்க."

உயிருள்ளது என்றாரே. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைப் பொட்டலத்துக்குக் கொடுத்துவிட்டு இருவரும் ஊர்வரை நின்றுகொண்டே வந்தார்கள்.

காட்டு ஓரத்தில் ஒரு தென்னை மரம். அதன் நிழலில் எருவைக் கொட்டிக் கலந்து மூடினார்கள். அரைமணி நேரத்தில் நிழல் நகர்ந்துவிட்டது. எருவைக் கூடையில் அள்ளி நிழலுக்கு மாற்றினார்கள். அதுவும் நகர்ந்தது. உச்சிவேளையில் நிழல் மரத்தடியில் சுருண்டுகொள்ள, குவியலை அடிமரத்தைச் சுற்றி அப்பி வைத்தார்கள். சாயங்காலம் நிழல் நீண்டு வரப்பைத் தாண்டி அடுத்தவன் வெங்காயக் காட்டுக்குள் போனது. எருவும் போனது.

கஞ்சி கொண்டுவந்த மனைவி மயிலாத்தா கேட்டாள்: "ஏனுங்க, மாட்டுக் கொட்டாய்க்குள்ள வெச்சா ஆகாதுங்களா?"

"மேடம் மர நிழல்னுதான் சொன்னாங்க. கொட்டாய்னு சொல்லலியே."

"அதுவுஞ் சரிதானுங்க" என்று அவளும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்ததும் நிழலைக் காணவில்லை. மூவரும் கலங்கிப்போய்த் தேடினார்கள். கடைசியில் குப்பியண்ணன்தான் கண்டுபிடித்தான். "ஊரே நிழலாப் போச்சு மாப்ள. இனி விடியறவரைக்கும் எங்க வேணாலும் வெக்கலாம்."

இப்படிப் பதினைந்து நாள். இடுப்பு ஒடிந்தது. பதினாறாம் நாள் காலையில் சாக்கைத் தூக்கிய நாச்சிமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. குவியல் முழுக்கப் பச்சைப் பசேலென்று பூஞ்சை பூத்திருந்தது.

"மச்சான், நம்ம பூஞ்சாணத்துக்குப் பூஞ்சாணம் புடிச்சிருச்சு."

குப்பியண்ணன் குனிந்து பார்த்து வெகுநேரம் யோசித்தான். "நம்மள நம்பி வந்த உயிரு. சீக்கோட மண்ணுல போடறது பாவம். குளிப்பாட்டித்தான் போடோணும்."

மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த வாய்க்காலில் எருவைக் கூடை கூடையாக அலசினார்கள். மத்தியானத்துக்குள் பச்சை ஒரு பொட்டு இல்லாமல் போனது. ஆனாலும் நாச்சிமுத்துவுக்கு மனசு ஆறவில்லை. மறுநாளே ஆபீசுக்குப் போய், "மேடம், உங்க பூஞ்சாணத்தை நாங்க சரியாப் பாத்துக்கலைங்க" என்று நடந்ததையெல்லாம் சொல்லிக் கண் கலங்கினான்.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் பச்சைதாங்க நல்ல பூஞ்சாணமே. அலசுன தண்ணி எங்க போச்சு?"

"மஞ்சக் காட்டுக்குத்தானுங்க."

மேடம் பெருமூச்சு விட்டார்.

மூன்று வாரம் கழித்து அவரே நேரில் வந்து ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தார். கிழங்கு கல்லுப்போல இருந்தது. புதுவேர் வெள்ளையாக ஓடியிருந்தது. "பொழச்சீங்க. நல்ல பூஞ்சாணம் வேரைச் சுத்திக் காவல் இருக்குது. இனி இந்தக் காட்டைப் பத்திப் பயமே வேண்டாம்."

அவர் ஜீப் ஏறியதும் மூவரும் காட்டைச் சுற்றியிருந்த முள்வேலியைப் பிரித்தார்கள். உள்ளே காவல் இருக்கும்போது வெளியே முள் எதற்கு?

மறுநாள் பட்டப்பகலில் ஓர் எருமை மஞ்சளை மிதித்துக்கொண்டு நடுக்காட்டில் நின்றது. நாச்சிமுத்து வரப்பில் மண்டியிட்டு, மண்ணுக்குப் பக்கத்தில் வாயை வைத்து மரியாதையாகச் சொன்னான்: "ஏனுங்க, எருமை வந்திருக்குதுங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

இரண்டாம் தடவை கொஞ்சம் உரக்கச் சொன்னான்.

குப்பியண்ணன் அவன் தோளைத் தட்டினான். "சத்தம் போடாத மாப்ள. அத்தனை கெட்டதையும் தின்னுட்டு அசந்து தூங்குதாட்ட இருக்குது. எந்திரிக்கிறவரைக்கும் எருமையைச் சித்தெ இருக்கச் சொல்லு."

நாச்சிமுத்து போய்ச் சொன்னான். எருமையும் சரியென்று அங்கேயே படுத்துக்கொண்டது.