அம்பாத்துரை மேட்டில் ஒரு மூச்சு

படபடபடவென்று ஒரு சத்தம். கொடைரோடு ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டதென்று தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆவி விலகியதும் பார்த்தால், எஞ்சின் நின்ற இடத்திலேயே நின்றது. சக்கரம் மட்டும் பேய் பிடித்ததுபோல் சுற்றியது.

ஓட்டியவன் மாசிலாமணி. பதினாறு வருஷம் கூட்ஸ் ஓட்டியவன். பயணிகள் வண்டிக்கென்றே செய்த ஒய்.பி. எஞ்சினைத் தொட்டு மூன்று நாள்தான் ஆகிறது. இன்று கடைசிப் பரீட்சை. பக்கத்தில் நிற்கும் ஜமால்தீன் கையெழுத்துப் போட்டால் எக்ஸ்பிரஸ் டிரைவர். போடாவிட்டால் ரிட்டயராகும்வரை கூட்ஸ்தான். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பது வேறு குத்தியது.

“என்ன மாசி, ஃபேன் போட்டு விடுறியா? எனக்கு வேர்க்கவே இல்லியே” என்றான் ஜமால்.

பயர்மேன் சிலுவை கரிக் குவியல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

ஜமால், ஆவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டர் கைப்பிடியை ஒரேயடியாக மூடினான். ஆவி நின்றது. சக்கரம் அடங்கியது. பிறகு விரற்கடை திறந்தான். வண்டி அசைந்தது.

“இது என்ன நியாயம் பாய்? என் கூட்ஸ் எஞ்சினுக்கு எட்டும் குட்டிச் சக்கரம். எவ்வளவு திறந்தாலும் இழுக்கும்.”

“இவளுக்கு ஆறுதான். உசரமான காலு. வழுக்கும்.”

“அப்ப எப்படித்தான் இவளை வழிக்குக் கொண்டுவர்றது?”

“மேடு வருது. நீயே ஓட்டு.”

அம்பாத்துரை மேடு. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. தண்டவாளம் பளபளத்தது. சிலுவை கரியை வீச வீச நெருப்பு வெள்ளையாய் எரிந்தது. புகைபோக்கியின் அதிர்வு மாசிலாமணியின் பல்வரை ஏறியது.

“வாடி என் ராசாத்தி!” என்று கத்தினான்.

பாதி மேட்டில் மறுபடியும் படபடபட.

இன்னும் திற, திற என்றது பதினாறு வருஷப் பழக்கம். மேட்டில் மூடினால் வண்டி நின்றாலும் நின்றுவிடும். நின்றால், தள்ளிவிட இன்னோர் எஞ்சின் வர வேண்டும். கையெழுத்தும் போச்சு. ஜமாலைப் பார்த்தான். ஜமால் தூறலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மாசிலாமணி மூடினான்.

ஒரே ஒரு மூச்சு. ஒன்பது பெட்டியும் பின்னால் இழுத்தன. சிலுவை மண்வெட்டியோடு அப்படியே நின்றான். சக்கரம் அடங்கி, தண்டவாளத்தைக் கவ்வியது. விரற்கடை திறந்தான். இன்னும் ஒரு விரற்கடை. எஞ்சின் கனைத்தது. ஏறியது. உச்சி! அதன்பிறகு காற்றுதான், ஓட்டம்தான். சிலுவை தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினான்.

திண்டுக்கல்லில் வண்டி நின்றதும் ஜமால் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

மாசிலாமணிக்கு வாய் ஓயவில்லை. “பார்த்தியா பாய்! மூடிட்டேன், மேட்டுல மூடிட்டேன்! நீ என்னய்யா கல்லு மாதிரி நின்ன? கைப்பிடியைப் புடுங்க உன் கை வரலையா?”

ஜமால் சட்டைக் கையை மேலே தள்ளினான். இடது மணிக்கட்டில் நான்கு நகத்தின் தடம், ரத்தம் கட்டி.

“வந்துச்சு. பிடிச்சு வச்சேன்.”

மாசிலாமணி அந்தத் தடத்தையே பார்த்தான். பிறகு எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு, சக்கரங்களுக்கு எண்ணெய் விட இறங்கினான்.