கொக்கு நின்ற வாய்க்கால்

கடல் நாளுக்கு இரண்டு முறை உள்ளே வந்து, இரண்டு முறை திரும்பிப் போகும் ஒரு காட்டில், தோணி ஓட்டும் நீர்நாய் ஒன்று இருந்தது. அந்தக் காட்டில் தரை குறைவு, பிள்ளைகளே. எங்கே பார்த்தாலும் அலையாத்தி மரங்கள், அவற்றுக்கு நடுவே குறுகலான வாய்க்கால்கள்.

நீர்நாய்க்கு ஒரு வழக்கம். வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடம் வந்தால் தோணியை நிறுத்தும். இரண்டு பக்கமும் கோலை விட்டு ஆழம் பார்க்கும். பார்த்த பிறகுதான் திரும்பும்.

கோடை வந்தது. முயல் குடியிருந்த திட்டில் ஊற்று வற்றிப் போனது. சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் அத்தனையும் உப்பு. முயல் தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு தோணித் துறைக்கு ஓடி வந்தது.

"அண்ணே, நேற்றிலிருந்து பிள்ளை வாயில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் படவில்லை. மேட்டுத் திட்டு ஊற்றில் கொண்டுபோய் விடுங்கள்."

"ஏறு தங்கச்சி. கடல் வடியத் தொடங்கிவிட்டது. வடிந்து முடிவதற்குள் போய்விடலாம்."

கூடவே ஒரு நரியும் ஏறிக்கொண்டது. அதற்கு ஊற்றில் வேலை ஒன்றுமில்லை. சும்மா சுற்றிப் பார்க்க வந்தது.

முதல் பிரிவில் நீர்நாய் நிறுத்தி ஆழம் பார்த்தது. நரி கொட்டாவி விட்டது. இரண்டாம் பிரிவிலும் நிறுத்தியது.

"என்னப்பா, மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி வாசலுக்கு வாசல் தயங்கி நிற்கிறாய்?" என்றது நரி.

நீர்நாய் கோலை ஊன்றித் தோணியைத் தள்ளியது. முகம் மட்டும் சுருங்கியது.

மூன்றாம் பிரிவு வந்தது. இடது பக்கம் தோணி நுழையும் அளவுக்கே ஓர் இருட்டுச் சந்து. வலது பக்கம் அகலமான வாய்க்கால், வெயிலில் தகதகவென்று மின்னியது. அதன் நடுவில் ஒரு கொக்கு நின்றது. நீர்நாய் கோலைத் தூக்கியது.

"மறுபடியுமா?" என்று நரி சிரித்தது. "அங்கே பார், கொக்கே நடு வாய்க்காலில் பயமில்லாமல் நிற்கிறது. ஓட்டத் தெரியாதவர்கள்தான் இப்படித் தடவித் தடவிப் போவார்கள்."

நீர்நாய்க்குச் சுருக்கென்றது. கொக்கின் முழங்கால் தண்ணீருக்கு மேலே தெரிந்ததை அது பார்க்கத்தான் செய்தது. இருந்தும் வலது பக்கமே திருப்பியது.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. தோணியின் அடி சேற்றில் உரசி அப்படியே நின்றுவிட்டது.

கொக்கு தலையைச் சாய்த்துப் பார்த்தது. "எனக்குக் கால் நீளம், நிற்கிறேன். உன் தோணிக்குக் கால் இருக்கிறதா? இன்னும் சற்று நேரத்தில் இங்கே தண்ணீரே இருக்காது. பிறகு சாயங்காலம் கடல் ஏறினால்தான் உண்டு."

முயல் தன் குட்டியின் முகத்தைப் பார்த்தது. குட்டி கண் திறக்கவில்லை. "சாயங்காலம்வரை தாங்காது அண்ணே."

நீர்நாய் சேற்றில் குதித்துத் தள்ளியது. தோணி அசையவில்லை. "நரியாரே, இறங்குங்கள். உங்கள் பாரம்தான் அழுத்துகிறது."

"என் வால் சேறாகிவிடுமே."

"வால் சேறானால் கழுவிக்கொள்ளலாம்," என்றது முயல், மெதுவாக. "என் பிள்ளை போனால்?"

நரி வாலைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. வயிறுவரை புதைந்தது. தோணி லேசாகி மிதந்தது. நீர்நாய் அதைப் பின்னுக்கு இழுத்து இருட்டுச் சந்துக்குள் விட்டது. அங்கே கோல் முழுகும் ஆழம். நரியை ஏற்றிக்கொள்ள நேரமில்லை. அது ஒரு மரத்தின் வேரைப் பிடித்து ஏறி, சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தது.

மேட்டுத் திட்டு ஊற்றில் குட்டி நக்கி நக்கிக் குடித்தது. மெல்லக் கண் திறந்தது. முயல் அதன் வாயைத் துடைத்துவிட்டது. பிறகு கேட்டது:

"கொக்கின் முழங்கால் வெளியே தெரிந்ததை நீங்களும் பார்த்தீர்களே அண்ணே. ஏன் திருப்பினீர்கள்?"

"ஓட்டத் தெரியாதவன் என்று நரி சொல்லிவிட்டதே என்று..."

"அந்தச் சொல் உங்களுக்கு. தாகம் என் பிள்ளைக்கு அல்லவா?"

திரும்பும் வழியில் ஒவ்வொரு பிரிவிலும் நீர்நாய் நிறுத்தி ஆழம் பார்த்தது.

நீதி: கோல் பிடித்தவர் கேலிக்கு அஞ்சினால், நம்பி ஏறியவர்கள் சேற்றில் நிற்பார்கள்.