பேசாத ஒன்பதாம் அத்தியாயம்

"ரப்பி, என் நாவல்ல யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க," என்றார் நஃப்தாலி.

ஐம்பத்திரண்டு வயது எழுத்தாளர். நாஜி முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். ஆண்ட்வெர்ப் நகரில், ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே இருந்த யூதப் பிரார்த்தனைக் கூடத்துக்கு வாரம் தவறாமல் வருவார்.

ரப்பி ஃபைவல் அந்தக் கூடத்தின் குரு. வெறும் வாயையே மெல்லக்கூடியவர், அவல் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். பல் பிடுங்கும்போதும் பேசிக்கொண்டே இருந்ததால் வைத்தியர் வேறு பல்லைப் பிடுங்கிவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

"எத்தனை பக்கம்?" என்று கேட்டார் ரப்பி.

"முந்நூறு."

"முந்நூறு பக்கமா பேசாம என்னதான் பண்றாங்க?"

"சூப் குடிக்கிறாங்க. கோட்டுக்குப் பட்டன் தைக்கிறாங்க. மழையைப் பார்க்கிறாங்க. அதுலயே எட்டு அத்தியாயம் ஓடிடுச்சு. ஒன்பதாவதுல என் தங்கை ஹென்யா சாகணும். பதினோரு வருஷமா பேனா அங்கேயே நிக்குது."

ரப்பி தாடியைத் தடவினார்.

"தங்கைக்கு ஏழு நாள் துக்கம் காத்தியா?"

"எப்படி ரப்பி? கல்லறை இல்ல. தேதி தெரியாது. எந்த நாள்லேர்ந்து எண்ணுறது?"

"நாளைக்கு உனக்கு வேலை இருக்கா?"

"இல்ல."

"அப்போ நாளையிலேர்ந்து."

மறுநாள் காலை ரப்பி ஒரு ரம்பத்தோடும் ஒரு கூடை அவித்த முட்டையோடும் வந்தார். அவர்கள் வழக்கப்படி துக்க வீட்டுக்கு முட்டை கொண்டுபோக வேண்டும். துக்கக்காரர் தாழ்வாக உட்கார வேண்டும்.

நஃப்தாலியின் நல்ல நாற்காலியைக் கவிழ்த்து நான்கு கால்களையும் பாதியாக அறுத்தார். ஒரு கால் கூடுதலாகக் குறைந்துவிட்டது. ஆடுகிற நாற்காலியில் நஃப்தாலி உட்கார்ந்தார்.

ரப்பி எதிரே உட்கார்ந்து முட்டை உரித்தார். பேசவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. துக்கக்காரர் முதலில் பேசும்வரை வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது.

நஃப்தாலியும் பேசவில்லை. எழுதவே வராதது வாயில் எங்கே வரும்?

இரண்டாம் நாள் ரொட்டிக் கடைக்காரர் வந்தார். கூடத்துக்காரர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். ஆளுக்கொரு முட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கக்கூட ஆளில்லை.

ரப்பியைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. முகம் சிவந்தது. காது சிவந்தது. பேச்சு பொங்கிக்கொண்டு வரும்போதெல்லாம் ஒரு முட்டையைப் போட்டு வாயை அடைத்தார்.

மூன்றாம் நாள் ரப்பியின் மனைவி ஃப்ரூமா வந்தார். கிளம்பும்போது வழக்கத்தை மீறி, மெல்லச் சொன்னார்.

"நாப்பது வருஷத்துல இப்பதான் பகல்ல வீடு அமைதியா இருக்கு. நீங்க ஒண்ணும் அவசரப்பட வேண்டாம்."

நஃப்தாலிக்குச் சிரிப்பு வந்தது. துக்க நாற்காலியில் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. ஹென்யா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

நான்காம் நாள் ரப்பி இருபத்து மூன்றாவது முட்டையை உரித்தார்.

நஃப்தாலி அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹென்யாவுக்கு முட்டையே பிடிக்காது," என்றார். "அம்மா பார்க்காதப்ப என் தட்டுல தள்ளிடுவா. முகாமுக்குப் போற ரயில்ல சொன்னா, 'அண்ணா, இப்ப ஒண்ணு கிடைச்சா முழுசா தின்னுடுவேன்'னு."



ரப்பி முட்டையைக் கீழே வைத்தார்.

"எனக்கும் பிடிக்காது," என்றார். "அப்புறம்?"