சிலைக்குக் காவல்

ரோமானியப் பேரரசின் தென்கரையில் ஒரு துறைமுக நகரம் இருந்தது. எண்ணெயும் கோதுமையும் கப்பலேற ஏற, ஊர் ஓகோவென்று வளர்ந்தது. நாடக அரங்கு வந்தது, வெந்நீர்க் குளியல் மண்டபம் வந்தது, சதுக்கம் நிறையச் சலவைக்கல் சிலைகள் வந்தன. ஊர்ப் பெரிய மனிதர்களுக்குச் சிலை வைத்துக்கொள்வதில் அப்படியோர் ஆசை. புதுக்கல் கிடைக்காதபோது பழைய சிலையின் தலையைக் கழற்றிவிட்டுத் தங்கள் தலையை மாட்டிக்கொள்வார்கள். உடம்பு அதேதான். யாரும் வெட்கப்படவில்லை.

பிறகு துறைமுகம் மணல் விழுந்து தூர்ந்தது. கப்பல்கள் நின்றன. வீடு வீடாக ஊர் காலியானது.

கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். இடிந்த குளியல் மண்டபத்தில் குடியிருந்த பெண் துறவி செவேரா. அவரிடம் பாடம் கேட்ட ரூபீனஸ்.

ரூபீனஸுக்குத் தலை நரைத்துவிட்டது. பகலெல்லாம் சதுக்கத்தில் தன் தகப்பனாரின் சிலையடியிலேயே கிடப்பான். சலவைக்கல்லை உடைத்துச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறவர்கள் வந்தால் கத்தி விரட்டுவான். பொழுது சாயும்போது செவேராவின் வாசலுக்கு வந்து, பாதி புதைந்து கிடந்த உருண்டைக் கல்லில் உட்காருவான். பேச வேறு ஆள் இல்லை. தனிமை அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அன்று வந்தபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"தாயே, மலையூரிலிருந்து மகள் ஆள் அனுப்பியிருக்கிறாள். பேரன் பிறந்திருக்கிறானாம். வந்து கூடவே இருந்துவிடச் சொல்கிறாள்."

"போக வேண்டியதுதானே?"

"நான் போன மறுநாளே அப்பாவைச் சூளையில் போட்டுவிடுவார்கள். அவர் பெயர் சொல்ல ஒரு கல்லாவது வேண்டாமா?"

"வந்த ஆள் எங்கே?"

"விடிந்ததும் கிளம்புகிறான். இனிமேல் இந்தப் பக்கம் வரமாட்டானாம்."

"எழுந்திரு. அந்தக் கல்லைப் புரட்டு" என்றார் செவேரா.

ரூபீனஸ் மண்ணைப் பறித்துப் புரட்டினான். சுருள் தாடி. உடைந்த மூக்கு. இரண்டு கண்கள் அவனையே பார்த்தன. இத்தனை காலம் ஒரு மனிதரின் தலைமேல் உட்கார்ந்திருந்தோம் என்று தெரிந்ததும் அவனுக்கு உடம்பு கூசியது.

"எந்தச் சிலையின் தலை இது?"

"உன் அப்பாவின் தலையை மாட்டுவதற்காகக் கழற்றியது."

அவன் மேல்துணியால் அந்த முகத்தின் மண்ணைத் துடைத்தான்.

"யார் இவர், தாயே? பெயர் என்ன?"

"எனக்குத் தெரியாது. இவர் மகனுக்குத் தெரிந்திருக்கும். இந்தத் தலையைக் கழற்றவிடாமல், சதுக்கத்தில் நீ பகலெல்லாம் கிடக்கும் அதே இடத்தில், சாகும்வரை காவல் இருந்தான்."